அடுக்கில் சேராத படம்

பிப்ரவரி 9, திங்கள்

பாஸ்போர்ட் அளவு பதினான்கு பேர், விசாவுக்கு இரண்டு பேர், பல் முளைக்காத ஒரு குழந்தை. இதில் ஒழுங்காக உட்கார்ந்தது குழந்தை மட்டும்தான். மற்றவர்கள் நான் பொத்தானை அழுத்தும் நொடி பார்த்துத்தான் காலரை இழுத்துவிடுகிறார்கள். இருபத்தாறு வருடத்தில் இந்த ஸ்டூடியோவில் நான் அதிகம் சொன்ன சொல் ‘ஆடாதீங்க’. போன வருடம் தொண்டை கட்டிக்கொண்டபோது அதையும் விட்டுவிட்டு, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல இரண்டு முறை அமுக்கிக் காட்ட ஆரம்பித்தேன். வாயால் சொல்வதைவிட அதற்குத்தான் அடங்குகிறார்கள். தொண்டை சரியான பிறகும் கைப்பழக்கம் போகவில்லை.

சாயங்காலம் கேமரா சங்கத்துச் செயலாளர் நரசிம்மன் சார் ஃபோன் செய்தார். மார்ச் முதல் வாரம் தொடங்கி மாதம் முழுக்கக் கண்காட்சி. இந்த வருடத் தலைப்பு ‘நகரம்’. போன வருடம் நான் கொடுத்த புறா படத்தை வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே மாட்டிவைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டே பார்த்தார்கள். இந்த வருடம் நடுச்சுவரில் மாட்ட வைக்காமல் விடப் போவதில்லை.

பிப்ரவரி 11, புதன்

யோசனை கிடைத்துவிட்டது. எங்கேயும் அலைய வேண்டாம். ஸ்டூடியோ முதல் மாடியில் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் எதிரே புரசைவாக்கம் பஸ் நிறுத்தம். கேமராவை ஜன்னலோரம் ஸ்டாண்டில் பொருத்தி, இம்மி அசையாமல், நான்கு நிமிடத்துக்கு ஒன்றாக நாற்பது படம். பிறகு கம்ப்யூட்டரில் நாற்பதையும் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கட்டடம், கம்பம், நிழற்குடை எல்லாம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் அழுத்தமாக விழும். நடப்பவர்களும் வண்டிகளும் படத்துக்குப் படம் இடம் மாறுவதால் புகையாகிப் போவார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஸ்டான்லியிடம் சொன்னேன். மனிதர் ரசத்தை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“அப்போ மனுஷங்கள எல்லாம் அழிச்சிட்டு பஸ் ஸ்டாப்ப மட்டும் எடுக்கப் போற.”

“யாராவது ஒருத்தர் ஆடாம உக்காந்தா அவர் மட்டும் தெளிவா விழுவாரு. சுத்திப் புகை, நடுவுல ஒரு ஆளு. எப்படி இருக்கும் பாருங்க.”

“மெட்ராஸ்ல எவன் ரெண்டு மணி நேரம் ஆடாம உக்காருவான்?” என்றார். அது நியாயமான கேள்விதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒத்திகை. ஜன்னல் கம்பி நிழல் விழுகிறது. ஸ்டாண்டை அரை அடி முன்னால் தள்ளினேன். மாவு புளித்து வழிந்து ஃபிரிட்ஜ் முழுக்க நாசம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கர்த்தர் அனுப்பிவைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு மதியம் கடை கிடையாது. கோயிலிலிருந்து நேராக வந்து, 2.40க்கு முதல் படம். முதல் ஐந்தில் ஒன்றும் உருப்படியாக இல்லை. நிழற்குடையின் சிமெண்ட் திண்டில் உட்காருவதும் எழுந்து ஓடுவதுமாக இருந்தார்கள். மூன்று மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, மஞ்சள் துணிப்பை. எந்தப் பஸ் வந்தாலும் எழுந்திருக்கவில்லை. யாருக்கோ காத்திருக்கிறார் போல. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார், செருப்பைக் கழற்றிக் கால் நீட்டினார், பக்கத்திலிருந்த பையனிடம் ஏதோ கேட்டார். ஆளை நான் விடவில்லை, ஃபோகஸை அவர்மேல் வைத்தேன்.

பதினேழாவது படத்தின்போது கையைத் தூக்கிவிட்டார். நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டு போஸ் கொடுக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் படம் வீண். அதற்குப் பிறகு நல்ல பிள்ளையாகக் கம்பத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அசைவே இல்லை. இருபதாவது, இருபத்தைந்தாவது, முப்பதாவது என்று எடுக்க எடுக்க எனக்குக் கை பரபரத்தது. டீ போடக்கூடப் போகவில்லை, போய்வருவதற்குள் எழுந்துவிட்டால் என்ன செய்வது?

ஐந்து மணி வாக்கில் ஊதாப் புடவை கட்டிய ஒரு பெண் வந்து எழுப்பினாள். கொஞ்சம் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டம் கூடியது. 5.10க்கு ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நிழற்குடைக்கு முன்னாலேயே நின்றுகொண்டது. கடைசி இரண்டு படத்திலும் வெறும் வெள்ளை வண்டிதான். ஆம்புலன்ஸ் போனபோது திண்டில் யாரும் இல்லை.

யாருக்கு என்று தெரியவில்லை. வெயில் முகத்தில் அடித்தது, ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மூன்று நாளாக அடுக்குகிறேன். முதலில் முழுவதையும் போட்டுப் பார்த்தேன். பெரியவருக்கு இரண்டு தலை வந்தது. நிமிர்ந்திருந்தபோது ஒரு தலை, சாய்ந்த பிறகு ஒரு தலை. அதனால் அவர் வருவதற்கு முந்தைய ஐந்து வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பதினொன்று வேண்டாம். கை தூக்கிய பதினேழு வேண்டாம். ஆம்புலன்ஸ் இரண்டும் வேண்டாம். மிச்சம் இருபத்தொன்று. எல்லாம் அவர் சாய்ந்திருப்பவை.

அந்த இருபத்தொன்றையும் அடுக்கியதும் எனக்கே நம்ப முடியவில்லை. சாலை முழுக்கப் புகை. பஸ்கள் சிவப்பும் பச்சையுமாகக் கரைந்து ஓடுகின்றன. நடுவில் அவர் ஒருவர் மட்டும், சட்டைக் கட்டங்களை எண்ணிவிடலாம். அவர் தோளோரம் லேசான ஊதா மூட்டம். அந்தப் பெண்ணின் புடவை, இரண்டு படத்தில் மட்டும் இருந்ததால் அப்படி விழுந்திருக்கிறது. அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தேன்.

தலைப்பு: ‘ஓடாதவர்’.

மார்ச் 7, சனி

முதல் பரிசு. நடுச்சுவர்.

நரசிம்மன் சார் மைக் கிடைத்தால் விடமாட்டார். “இந்த நகரத்துல எல்லாரும் புகையாப் போயிட்டோம். ஒருத்தர் மட்டும் தன்னோட நேரத்துல உக்காந்திருக்கார். அந்த முகத்துல இருக்கிற சாந்தத்தைப் பாருங்க. தோளுக்குப் பக்கத்துல அந்த ஊதா மூட்டம் இருக்கே, அது அவரோட நினைவு. யாரையோ நினைச்சுண்டு இருக்கார்.” கை தட்டினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். “அவர் ரெண்டு மணி நேரம் எனக்காகவே உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு” என்றேன். அதற்கும் தட்டினார்கள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டான்லி கேட்டார்.

“அந்த ஆளு தூங்குறாரா ஜெயா?”

“வேற என்ன?”

“இல்ல, வாய் ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருக்கு.”

“கம்பத்துல அழுந்தினா அப்படித்தான் இருக்கும்” என்றேன். தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் படுத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பேப்பரின் உள்ளூர் இணைப்பில் படம் வந்திருக்கிறது, பாதிப் பக்கத்துக்கு. ஸ்டூடியோ பெயரும் போட்டிருக்கிறார்கள். கீழே மருந்துக் கடைக்காரர் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறார். போகிற வருகிற போதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 11, புதன்

விசா மூன்று. பிரிண்டரில் மஞ்சள் மை தீர்ந்தது.

மார்ச் 13, வெள்ளி

பதினோரு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஜவுளிக் கடைச் சீருடையில், ஊதாப் புடவை. போட்டோ எடுக்கத்தான் என்று நினைத்து ஸ்டூலைக் காட்டினேன். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து பேப்பர் துண்டை எடுத்தாள்.

“இது எங்கப்பாக்கா.”

பெயர் பொற்கொடி. அப்பா தணிகாசலம், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், செங்குன்றத்தில் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கண்ணாடி வாங்கித்தருவதாக இவள் சொல்லியிருக்கிறாள். வேலை முடிந்து மூன்றரைக்கு வருவதாகப் பேச்சு. மாற்று ஆள் வராததால் கடையில் விடவில்லை, ஐந்து மணி ஆகிவிட்டது.

“நடுவுல ஃபோன் போட்டேன், எடுக்கல. காலையில சின்னதா ஒரு சண்டை, அதான் கோவமா இருக்காருன்னு நெனச்சிட்டேன். வந்து பாத்தா வாய் கோணிப்போயி கெடக்குறாரு. பக்கவாதம்.”

மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து டிராயரில் வைத்தேன்.

“ஆஸ்பத்திரியில மொத கேள்வியே, கடைசியா எப்போ நல்லா இருந்தாருன்னுதான். நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு ஊசி இருக்காம், போட்டா பொழைச்சுக்கிற வாய்ப்பு இருக்காம். எனக்கென்னக்கா தெரியும்? ஒரு மணிக்கு வீட்டப் பூட்டிட்டுக் கெளம்பும்போது பக்கத்து வீட்டம்மா பாத்துருக்காங்க. அதுக்கப்புறம் யாரும் பாக்கல. நாங்க போய்ச் சேரும்போது அஞ்சே முக்கால். ஒரு மணியிலேருந்து கணக்குப் போட்டு, நேரம் தாண்டிடுச்சுன்னு போடல. அவங்களும் என்ன பண்ணுவாங்க.”

வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் வரவில்லை. இவளுடைய அண்ணன் இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நீ மூன்றரைக்கு வந்திருந்தால் என்பது ஒன்றுதான் அவன் கடைசியாகச் சொன்னது.

“இந்தப் படம் ஒரே படம் இல்லியாமே, நெறைய படம் எடுத்து சேத்ததுன்னு பேப்பர்ல போட்டுருக்கு. அந்தத் தனித்தனிப் படம் இருந்தா குடுக்க முடியுமாக்கா? எத்தன மணி வரைக்கும் நல்லா இருந்தாருன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். வேற ஒண்ணும் வேணாம்.”

“அதெல்லாம் அழிச்சிட்டேம்மா” என்றேன். “அடுக்கினதுக்கப்புறம் தனிப் படத்தை வெச்சுக்கிறதில்ல.”

பொய். வாய் கூசாமல் வந்தது.

போகும்போது கதவருகில் நின்று திரும்பினாள். “அவருக்கு ஏதோ சொல்லணும்னு இருக்குக்கா. ஆஸ்பத்திரியிலேருந்தே இடது கையை இப்படிக் காட்டிக்கிட்டே இருக்காரு. தண்ணி வேணுமா, ஃபேன் போடணுமான்னு எல்லாம் கேட்டுட்டோம். இல்லங்கறாரு. எங்களுக்குத்தான் புரியல.”

செய்து காட்டினாள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல இரண்டு முறை.

தெரியலையேம்மா என்றேன்.

மார்ச் 14, சனி

நன்றாக யோசித்துப் பார்த்தேன். கொடுக்காமல் இருப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு நல்லது. படங்களில் நேரம் பதிவாகியிருக்கிறது. 3.40க்கு எடுத்த பதினாறாவது படத்தில் வலது கையால் தண்ணீர் குடிக்கிறார். 3.44க்குக் கை தூக்குகிறார். 3.48க்குச் சாய்ந்துவிட்டார். மூன்றரைக்கு வந்திருந்தால் அவள் பக்கத்தில் இருந்திருப்பாள் என்பது ருசுவாகிவிடும். ஏற்கெனவே நொந்துபோனவள், தாங்க மாட்டாள். நான் அவளைக் காப்பாற்றுகிறேன்.

காலையில் இதை எழுதும்போது நியாயமாகத்தான் இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்றேன். ஸ்டான்லி போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

“அவளுக்காகவா?” என்றார். பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒரு மணிக்குன்னு நெனச்சு ஊசி போடாம விட்டாங்க. மூணே முக்காலுக்குன்னு தெரிஞ்சிருந்தா போட்டுருப்பாங்க. அது தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். ஆம்புலன்ஸ் ஆறேழு நிமிஷம் கீழ நின்னுச்சு. பதினெட்டுப் படி. நீ ஜன்னல சாத்துன.”

மனிதர் என்னை இப்படிப் பேசியதே இல்லை. அழுதேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை அவரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரி 15ஆம் தேதி இதே நோட்டில் எழுதாமல் விட்டது அது. இப்போது எழுதுகிறேன்.

அவர் கையைத் தூக்கியது போஸ் இல்லை. எனக்கு அது அப்போதே தெரிந்தது என்று சொல்ல மாட்டேன், தெரியவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. இருபத்தாறு வருடமாக முகம் பார்த்துப் பிழைக்கிறவள் நான். லென்ஸ் வழியாக அவர் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தெருவில் ஓடுகிற யாரையும் விட்டுவிட்டு நேராக என் ஜன்னலைப் பார்த்தார், ஏனென்றால் அந்தத் தெருவில் அவரையே பார்த்துக்கொண்டு நின்ற ஆள் நான் ஒருத்திதான். கூப்பிட்டார். படம் கெடுகிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது. கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அமுக்கிக் காட்டினேன்.

அப்படியே இருங்க.

அவர் அப்படியே இருந்தார்.

மார்ச் 16, திங்கள்

நரசிம்மன் சாருக்கு ஃபோன் செய்து பரிசைத் திருப்பித் தருகிறேன், படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

“வருத்தமான விஷயம்தான் மேடம். ஆனா படம் படம்தானே? இதைத் தெரிஞ்சுண்டு பாத்தா இன்னும் ஆழமாத்தான் இருக்கு.”

“சார், நீங்க நினைவுன்னு சொன்னீங்களே அந்த ஊதா, அது அவர் பொண்ணு. அப்பாவ எழுப்பிட்டிருக்கா.”

படத்தை இன்றே இறக்கிவிடுவதாகச் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. நான் கொடுத்ததைத்தான் அவர் படித்தார். நல்லபடியாக இருந்த பதினொரு தணிகாசலத்தைக் கழித்துவிட்டு, விழுந்து கிடந்த தணிகாசலத்தை இருபத்தொரு முறை அடுக்கி, அதைச் சாந்தம் என்று மாட்டியவள் நான்.

மார்ச் 17, செவ்வாய்

நாற்பது படத்தையும் வரிசையாக அச்சிட்டேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நேரம் விழும்படி. உறையில் போட்டு, ஜவுளிக் கடைக்கே போய்ப் பொற்கொடியை வெளியே கூப்பிட்டேன். அழிக்கவில்லை, பொய் சொன்னேன் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கடை வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கும் படத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “பாட்டில் மூடிய பல்லுல கடிச்சுத்தான் தொறப்பாரு, எத்தன தடவ சொன்னாலும்” என்றாள். பதினேழாவது வந்தது.

“வலது கை” என்றாள்.

“ஆமா.”

“யாரையோ கூப்புடுறாரே. யாரக்கா கூப்புடுறாரு?”

“என்னைத்தாம்மா. நான் ஜன்னல்ல நின்னேன். பாத்தேன். எறங்கி வரல.”

இதைச் சொல்லிவிட்டேன். கை காட்டியதைச் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். அவள் மடியில் படங்கள் இருந்தன, உள்ளே மேற்பார்வையாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்தாள்.

“மூணே முக்கால்” என்றாள். “அப்போ நேரம் இருந்திருக்கு. நாங்க போனப்பகூட நேரம் இருந்திருக்கு.”

உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

பாஸ்போர்ட் ஒன்பது. கையைக் காட்ட வரவில்லை. வாயால்தான் சொல்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

மதியம் கீழே ஆட்டோ வந்து நின்றது. மருந்துக் கடைக்காரர் படியிலிருந்தே சத்தம் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். பொற்கொடி. ஆட்டோவுக்குள் நீலக் கட்டம் போட்ட சட்டை.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பம் போட வேண்டும், போட்டோ வேண்டும். இவரைத் தூக்கி ஏற்ற முடியாது, கீழே வந்து எடுப்பீர்களா என்றாள். இந்தத் தெருவில் இன்னும் மூன்று ஸ்டூடியோ இருக்கிறது. ஏன் இங்கே வந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டான்லிக்கு இன்று விடுமுறை. வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

மருந்துக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். வலது கையைப் பொற்கொடி எடுத்து மடியில் வைத்தாள். பின்னால் ஸ்டான்லி துணியை விரித்துப் பிடித்தார். நான் கேமராவோடு எதிரே நின்றேன். நாற்பது நாளாக அவர் முகம் எனக்கு மனப்பாடம், அவர் என்னைக் கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு மேலே, முதல் மாடி ஜன்னலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

இடது கை எழுந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி, ஒரு தரம், இன்னொரு தரம்.

“பாருங்க, இதான்” என்றாள் பொற்கொடி. “எந்நேரமும் இதேதான். என்னப்பா, என்ன வேணும்?”

ஒன்றும் தெரியாதவள் மாதிரி பொத்தானை அழுத்தியிருக்கலாம். அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அவர் அதைக் காட்டிக்கொண்டே இருந்திருப்பார், இவர்கள் தண்ணீர் கொண்டுவந்துகொண்டே இருந்திருப்பார்கள்.

“அது நான் காட்டினது” என்றேன். “அன்னிக்கு அவரு கை தூக்கிக் கூப்பிட்டப்போ, படம் கெட்டுடும்னு, ஆடாம அப்படியே இருங்கன்னு ஜன்னல்லேருந்து நான் கை காட்டினேன். இப்படித்தான் காட்டினேன். அதைத்தான் உங்ககிட்ட சொல்லிட்டு இருக்காரு.”

துணியைப் பிடித்திருந்த ஸ்டான்லி தலையைக் குனிந்துகொண்டார். பொற்கொடி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராக, “இதாப்பா? இந்தம்மா காட்டுனதையா சொன்னே?” என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். இடது கை மெல்ல இறங்கி, வலது கையின் மேல் போய் அமர்ந்தது. பிறகு அதைத் தூக்கவேயில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவர்கள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை, என் குரல் அப்படி இருந்தது. பொற்கொடி எழுந்து அப்பாவின் காலரைச் சரிசெய்து, கன்னத்தோரம் வழிந்ததைத் துடைத்து, நகர்ந்து நின்றாள்.

“எடுங்க” என்றாள். “நாளைக்குள்ள குடுக்கணும்.”

கேமராவைத் தூக்கினேன். வாய் திறக்கவில்லை, கையும் காட்டவில்லை. அவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.